தவணைப் பூட்டு

2014 மழைக்காலம். ஒரு சாயங்காலம் எனக்கு போன் வந்தது. அப்போது நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், ஆய்வேடுகளை மின்களஞ்சியத்தில் ஏற்றும் பிரிவில் ஒப்பந்தப் பணியாளன். பேசியது முந்தைய வருடம் முனைவர் பட்டம் முடித்துப் போன ஒரு பெண்.

“அண்ணா, நம்ம களஞ்சியத்துல அந்த ஊர்ப் பேரைப் போட்டுத் தேடுனா அவ பேரு வருது.”

எனக்கு உடனே புரியவில்லை. எவள் பேர் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல வயிற்றில் ஏதோ புரண்டது.

அவருடைய ஆய்வு சுமங்கலித் திட்டத்தைப் பற்றியது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் கல்யாணமாகாத பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்று வருடம் வேலை வாங்கும். முடிவில் ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது பேச்சு. மூன்று வருடம் முடியுமுன் உடம்பு முடியாமல் வெளியே வந்தவர்கள், பணம் கிடைக்காதவர்கள், விடுதிக்குள் நடந்ததை யாரிடமும் சொல்லாதவர்கள் என்று பலரோடு அவர் பேசியிருந்தார். நேர்காணல்கள் எல்லாம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருந்தன. பெரும்பாலானவர்களுக்கு மாற்றுப் பெயர். ஒரு பெண் மட்டும் மாற்றுப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “எனக்கு நடந்தது. என் பேருதான் இருக்கணும். ஆனா இப்ப வேண்டாம்க்கா.” பக்கத்தில் இருந்த அம்மா, கல்யாணம் ஆகி அவள் ஒரு இடத்தில் நிலையாக உட்காரும்வரை வெளியே வரக் கூடாது என்றார்.

எங்களிடம் அதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் மூன்று கட்டங்கள்: உடனே திறக்கலாம், குறிப்பிட்ட தேதிவரை மூடிவைக்கவும், நிரந்தரமாக மூடிவைக்கவும். அவர் இரண்டாவதில் டிக் அடித்து, 2018 ஜூன் 30 என்று எழுதிக் கொடுத்தார். ஐந்து வருடம். தேதியைக் கணினியில் ஏற்றியது நான்தான். அன்றைக்கு வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனதுகூட நினைவிருக்கிறது.

பூட்டு சரியாகத்தான் விழுந்திருந்தது. பி.டி.எஃப். கோப்பை யாரும் திறக்க முடியாது. ஆனால் களஞ்சிய மென்பொருள் ராத்திரியில் இன்னொரு வேலையும் செய்யும். ஒவ்வொரு கோப்பிலிருந்தும் எழுத்துகளை மட்டும் உறிஞ்சி, தேடுவதற்கு வசதியாகத் தனியாக ஒரு எழுத்துக் கோப்பு உண்டாக்கும். அந்தப் புதுக் கோப்பு, மூலக் கோப்பின் பூட்டை வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் சேகரத்தின் பொதுவான அனுமதியை, அதாவது ‘எல்லோரும் பார்க்கலாம்’ என்பதை எடுத்துக்கொண்டது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதை. அதை நான் சரிபார்க்கவே இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் அது அப்படியே கிடந்தது.

அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் இறக்கினேன். பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அந்த எழுத்துக் கோப்பைச் சில முறை யாரோ திறந்திருக்கிறார்கள். அதில் மனிதர் எத்தனை, தேடுபொறியின் எந்திரங்கள் எத்தனை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆய்வாளர் அடுத்த வாரமே அந்த வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா கத்தவில்லையாம். ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“நீ சொன்ன தேதி இன்னும் வரலையே கண்ணு?”

அதற்கு அப்புறம்தான் இந்தப் பூட்டுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

2

ஆங்கிலத்தில் இதற்கு எம்பார்கோ என்று பெயர். ஸ்பானிய மொழிச் சொல். துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் புறப்படவிடாமல் நிறுத்திவைக்கும் அரசாணைக்கான பெயர் அது. அங்கிருந்து பத்திரிகைக்கு வந்தது, பிறகு நூலகத்துக்கும் வந்தது. நான் தவணைப் பூட்டு என்று சொல்லிக்கொள்கிறேன். சாதாரணப் பூட்டுக்குச் சாவி வேண்டும். இதற்குத் தேதி வந்தால் போதும்.

அரசாங்கங்கள்தான் இதில் பழைய கைகள். பிரிட்டனில் 1958-ல் வந்த பொது ஆவணச் சட்டம், அரசுக் கோப்புகள் 50 வருடம் மூடியிருக்க வேண்டும் என்றது. 1967-ல் அதை 30 வருடமாகக் குறைத்தார்கள். 2010-ல் வந்த சட்டம் 20 ஆக்கியது. எண்களாகப் பார்த்தால் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 50-ஐ 30 ஆக்கியதன் பலன் நமக்கும் உண்டு. 1947-ன் கோப்புகள் 1997-க்குப் பதிலாக எழுபதுகளிலேயே வெளிச்சத்துக்கு வந்தன. நிக்கலஸ் மான்செர் தலைமையில் 1970 முதல் 1983 வரை 12 தொகுதிகளாக வந்த அதிகார மாற்ற ஆவணங்கள் அந்தக் காலத்தின் விளைச்சல். பிரிவினையைப் பற்றி அதற்குப் பிறகு எழுதிய யாரும் அவற்றைத் தொடாமல் எழுத முடியவில்லை. ஒரு தேதியை இருபது வருடம் முன்னே இழுத்தால் ஒரு தலைமுறை வரலாற்றாசிரியர்களின் வேலையே மாறிவிடுகிறது.

அரசு தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் பூட்டு ஒரு வகை. எனக்கு நெருக்கமாகப் பட்டவை, தனி மனிதர்கள் தங்கள் சொல்லுக்குப் போட்ட பூட்டுகள். மூன்று கதைகளைச் சொல்கிறேன்.

3

மௌலானா அபுல் கலாம் ஆசாத் தன் அரசியல் வாழ்க்கையை உருதுவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதினார். ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ என்ற அந்த நூல் 1959-ல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் பிப்ரவரி 22 அன்று ஆசாத் காலமாகியிருந்தார். நூலில் சுமார் 30 பக்கங்கள் இல்லை. அவற்றை இப்போதைக்கு வெளியிட வேண்டாம் என்று ஆசாத் சொல்லியிருந்தார். முழுப் பிரதியின் ஒரு படி கல்கத்தா தேசிய நூலகத்திலும், இன்னொன்று டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் முத்திரையிட்டு வைக்கப்பட்டன. அவர் இறந்து 30 வருடம் கழித்துத் திறக்க வேண்டும்.

முப்பது வருடமும் அந்த முப்பது பக்கங்களைப் பற்றி நாட்டில் பேச்சு ஓடியது. நேருவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார், படேலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று ஆளாளுக்கு ஊகம். 1988 பிப்ரவரியில் தேதி வந்தது, பூட்டு திறக்கவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. செப்டம்பரில் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் முத்திரை உடைந்தது. அந்த வருடமே முழு நூலும் வந்தது. படித்த பலருக்கும் ‘இவ்வளவுதானா’ என்று இருந்தது. விமர்சனங்கள் கூர்மையாக இருந்தன. ஆனால் ஊகங்கள் கட்டியெழுப்பிய அளவுக்கு வெடி எதுவும் இல்லை.

எனக்கு இதில் உறைத்தது வேறு. முத்திரை உடைந்தபோது படேல் இல்லை, நேரு இல்லை, எழுதிய கபீரும் 1969-லேயே போய்விட்டார். ஆசாத் சொன்னதை மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ வேண்டிய யாரும் உயிரோடு இல்லை. ஆசாத் அவர்களைக் காயப்படுத்தாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கவே எனக்கு விருப்பம். ஆனால் அதே பூட்டு அவர்களுடைய பதிலையும் சேர்த்துத் தடுத்துவிட்டது.

4

இரண்டாவது கதை இலக்கிய வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். டி.எஸ். எலியட், எமிலி ஹேல் என்ற நாடக ஆசிரியைக்குப் பல பத்தாண்டுகளாகக் கடிதம் எழுதினார். மொத்தம் 1,131 கடிதங்கள். ஹேல் அவற்றை 1956-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார். நிபந்தனை: இருவரில் கடைசியாக இறப்பவரின் மரணத்துக்கு 50 வருடம் கழித்துத்தான் திறக்க வேண்டும். எலியட் 1965-ல் போனார். ஹேல் 1969 அக்டோபரில் போனார். 2020 ஜனவரி 2 அன்று பெட்டிகள் வாசகர்களுக்குத் திறந்தன. அந்தக் காலைக்காகவே வருடக்கணக்கில் காத்திருந்த ஆய்வாளர்கள் உள்ளே போனார்கள்.

கடிதங்கள் நூலகத்துக்குப் போனது எலியட்டுக்குப் பிடிக்கவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. 1960-லேயே ஒரு அறிக்கை எழுதி ஹார்வர்டில் கொடுத்து, ஹேலின் பெட்டி என்றைக்குத் திறக்கிறதோ அன்றைக்கு இதையும் வெளியிட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். அப்படியே நடந்தது. உலகம் கடிதங்களில் காதலைப் படிக்க ஆரம்பித்த அதே நாளில், தான் காதலித்தது ஹேலையல்ல, ஒரு பழைய நினைவை மட்டுமே என்ற தொனியில் எலியட்டின் குரல் கல்லறையிலிருந்து வந்தது. ஒரு பூட்டுக்கு எதிராக இன்னொரு பூட்டு, ஒரே தேதியில்.

ஹேல் எலியட்டுக்கு எழுதிய கடிதங்கள்? அவற்றை எலியட் அழிக்கச் செய்துவிட்டார். ஹேல் தரப்பிலிருந்து நமக்குக் கிடைப்பது, அவர் பெட்டியோடு விட்டுப்போன ஒரு சிறு குறிப்புதான். ஐம்பது வருடம் பொறுமையாகக் காத்திருந்தும் அந்த உரையாடலில் ஒரு பக்கத்துக் குரல்தான் நம் கைக்கு வந்தது. 2023-ல் எலியட் தரப்பு அந்தக் கடிதங்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்தது. நான் சிலவற்றைப் படித்தேன். படிக்கும்போதெல்லாம் எதிரே ஒரு காலி நாற்காலி இருப்பது போலவே இருந்தது.

5

மூன்றாவது கதைதான் என்னைத் தூங்கவிடாதது.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் ஆயுதப் போராட்டத்தில் இருந்தவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தது. பத்திரிகையாளர் எட் மொலோனி இயக்குநர். ஐ.ஆர்.ஏ.வில் இருந்து சிறை சென்ற ஆந்தனி மெக்கின்டயர் குடியரசுவாதிகளிடம் பேசினார். வில்சன் மெக்கார்தர் எதிர்த் தரப்பினரிடம் பேசினார். கொலை, கடத்தல், குண்டு என்று வெளியே சொன்னால் உயிர் போகும் விஷயங்கள். ஆகவே ஒரு வாக்கு கொடுத்தார்கள்: நீங்கள் உயிரோடு இருக்கும்வரை இந்த நாடாக்கள் வெளியே வராது. இங்கே பூட்டின் தேதி, பேசியவரின் மரணம்.

பிரெண்டன் ஹியூஸ் 2008-ல் இறந்தார். அவருடைய பேச்சை வைத்து 2010-ல் மொலோனியின் நூல் வந்தது. வாக்கு மீறப்படவில்லை, இறந்தவரின் நாடாதான் திறந்தது. ஆனால் இப்படிப்பட்ட நாடாக்கள் இருக்கின்றன என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. 1972-ல் பெல்ஃபாஸ்டில் பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மெக்கான்வில் என்ற பெண்ணை ஐ.ஆர்.ஏ. கடத்திக் கொன்று புதைத்தது. அவர் உடல் கிடைத்ததே 2003-ல்தான். அந்த வழக்குக்காக நாடாக்கள் வேண்டும் என்று வட அயர்லாந்து காவல் துறை கேட்டது. இரு நாட்டு ஒப்பந்தத்தின் வழியே 2011-ல் கல்லூரிக்கு அமெரிக்க நீதிமன்ற ஆணை போனது. இரண்டு வருடம் வழக்கு நடந்தது. 2013-ல் நாடாக்களில் ஒரு பகுதி கைமாறியது. 2014-ல் ஜெரி ஆடம்ஸ் கைது செய்யப்பட்டு நான்கு நாள் விசாரிக்கப்பட்டு, குற்றச்சாட்டு இல்லாமல் வெளியே வந்தார். ஐவர் பெல் மீது வழக்குப் பதிவானது. 2019-ல் அந்த நாடாக்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றாகி அவர் விடுவிக்கப்பட்டார்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். மொலோனியோடு கல்லூரி போட்ட ஒப்பந்தத்தில், அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் இரகசியம் காக்கப்படும் என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. பேசியவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அந்தத் தொடர் இல்லை. தன்னால் எவ்வளவு தூரம் காப்பாற்ற முடியும் என்பது வாக்குக் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரியும். நம்பிப் பேசியவருக்குத் தெரியாது.

மெக்கான்விலின் பிள்ளைகள் பக்கமும் யோசிக்கத்தான் வேண்டும். அம்மா எங்கே போனாள் என்று முப்பது வருடம் தெரியாமல் வளர்ந்தவர்களிடம், கொன்றவர் சாகும்வரை பொறுங்கள் என்று எந்தக் காப்பாளன் சொல்வான்? எனக்கு இதற்கு விடை கிடையாது. தெரிந்தது ஒன்றுதான். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்ததில் அந்தக் குடும்பமும் ஏமாந்தது, பேசியவர்களும் ஏமாந்தார்கள், இனிமேல் யாரும் வாய் திறக்க யோசிப்பார்கள். அந்தப் பெட்டியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய எத்தனையோ கதைகள் இனி சொல்லப்படாமலே போகும்.

6

இப்போது கணினிக்கு வருகிறேன்.

எங்கள் நூலகத்தில் இருந்தது டிஸ்பேஸ் என்ற மென்பொருள். எம்.ஐ.டி. நூலகமும் ஹெச்.பி. நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2002-ல் வெளியிட்டது. இலவசம் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. இந்திய ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்காவும் இதில்தான் உருவானது. 2009-ல் யு.ஜி.சி. விதிமுறை வந்த பிறகு ஆய்வேட்டின் மின்படியைக் கொடுப்பது கட்டாயமானது. அதோடு, எதை எப்போது திறப்பது என்ற கேள்வியும் எங்களைப் போன்ற ஒப்பந்த ஆட்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

டிஸ்பேஸின் முதல் பதிப்புகளில் தவணைப் பூட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. 2010-ல் வந்த 1.6 பதிப்பில்தான் சேர்த்தார்கள். அது வேலை செய்த விதம் எனக்குப் பிடிக்கும். தேதியைக் குறித்து வைத்தால் கோப்பைப் படிக்கும் அனுமதி நீக்கப்படும். பிறகு அவ்வப்போது ஒரு சின்ன நிரல் எழுந்து சுற்றி வரும். யாருடைய தேதி வந்துவிட்டது என்று பார்த்துத் திறந்துவிடும். ராத்திரிக் காவல்காரர் மாதிரி. காவல்காரர் தூங்கிவிட்டால், அதாவது சர்வரை மாற்றும்போது அந்த நிரலை ஓடச் சொல்ல மறந்துவிட்டால், தேதி வந்தும் கதவு திறக்காது. ஆசாத்தின் முத்திரைக்கு நடந்ததுதான், நீதிமன்றம் இல்லாமலே.

2012-ல் வந்த 3.0 பதிப்பில் முறை மாறியது. காவல்காரரே வேண்டாம். ஒவ்வொரு கோப்பின் அனுமதியிலேயே தொடங்கும் தேதி எழுதியிருக்கும். யாராவது கேட்கும்போது கணினி அந்தத் தேதியை இன்றைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வந்திருந்தால் கொடுக்கும், இல்லையென்றால் இல்லை. தொழில்நுட்பமாக இது சுத்தம். ஆனால் இதில் திறப்பது என்ற செயலே கிடையாது. பிரின்ஸ்டனில் யாரோ ஒருவர் கையால் பெட்டியைத் திறந்தார். அந்தக் கணத்தில் அவர் தயங்கியிருக்கலாம், யாருக்காவது போன் செய்திருக்கலாம். இங்கே நள்ளிரவில் ஒரு எண் இன்னொரு எண்ணைத் தாண்டும், அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

பூட்டுவதும் அப்படித்தான் மலிவாகிவிட்டது. ஹேலும் எலியட்டும் ஒரு பெட்டிக்காக வருடக்கணக்கில் மனஸ்தாபப்பட்டார்கள். இங்கே ஒரு கட்டத்தில் டிக். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது கட்டத்தில், நிரந்தரமாக என்பதில் டிக் அடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் பலரிடம் காரணம் இருக்காது. பழைய டிஸ்பேஸ் நிரலில் ‘என்றென்றைக்கும்’ என்பதற்குக்கூட ஒரு தேதி வைத்திருந்தார்கள்: 10000-ம் ஆண்டு ஜனவரி 1. கணினிக்கு முடிவில்லாமை புரியாது, எனவே ஏதாவது ஒரு நாளைச் சொல்ல வேண்டும். முதலில் பார்த்தபோது சிரித்தேன். பிறகு அந்தத் தேதி போட்ட ஆய்வேடுகளின் பட்டியலைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. சம்பந்தப்பட்டவர் யாருமே கேட்காமல், வெறும் பயத்தில் எட்டாயிரம் வருடத்துக்குப் புதைக்கப்பட்ட உழைப்பு.

7

2018 மே மாதம். நாங்கள் புதிய பதிப்புக்கு மாறியிருந்தோம். எழுத்துக் கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நானே சோதித்திருந்தேன். சுமங்கலி ஆய்வேட்டின் பின்னிணைப்பு ஜூன் 30 வந்தால் தானாகத் திறந்துவிடும். விதிப்படி யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நான் அந்த ஆய்வாளருக்குப் போன் செய்தேன். தேதி வருது, ஒரு வார்த்தை கேட்டுட்டு வர முடியுமா என்றேன். அவர் அந்த ஊருக்குப் போனார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை. அம்மா இல்லை, முந்தைய வருடம் தவறிவிட்டார். கணவருக்கு மில் கதை தெரியும், மாமியார் வீட்டுக்குத் தெரியாது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இன்னும் பத்து வருசம் போகட்டும்க்கா. என் பொண்ணு படிக்கிற வயசுக்கு வரட்டும். அவ படிச்சா போதும்,” என்றாளாம். பேரை மாற்றலாமா என்றதற்கு அப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

பின்னிணைப்பை ஆய்வேட்டிலிருந்து தனிக் கோப்பாகப் பிரித்தோம். ஆய்வேடு அன்றைக்குத் திறந்தது, இப்போதும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பின்னிணைப்புக்குப் புதுத் தேதி போட்டேன்: 2028 ஜூன் 30. இந்த முறை, ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி, திறக்குமுன் இவரைத் தொடர்புகொள்ளவும் என்று நிர்வாகக் குறிப்பில் ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியைக் கணினி படிக்காது. அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதர் யாராவது படித்தால்தான் உண்டு.

நான் அந்த வேலையை விட்டு வந்து சில வருடமாகிறது. கிளம்பும் நாளில் எனக்குப் பின்னால் வந்த பையனிடம் அந்தப் பதிவைத் திறந்து காட்டினேன். சரிங்க சார் என்று தலையாட்டினான். அவனும் ஒப்பந்தப் பணியாளன்தான், 2028 வரை அங்கே இருப்பானா என்று அவனுக்கே தெரியாது. அதனால் என் போனிலும் ஒரு நினைவூட்டல் போட்டு வைத்திருக்கிறேன். ஜூன் 30-க்கு அல்ல, ஒரு மாதம் முன்னால், மே 30-க்கு. போய்க் கேட்டுவிட்டு வர அவகாசம் வேண்டும்.